மொரிஸ் மைனருக்கு எந்த எஞ்சின்? பழையதா, டீசலா, 4 கேயா?

எங்கள் வீட்டு மொரிஸ் மைனருக்கு எஞ்சின் மாற்றியதிலிருந்து திருகோணமலை உவர்மலைப் பக்கம் என்னைக் காண்பவர்கள் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கிறார்கள். பழையதையே செய்வித்திருக்கலாமே? இல்லாவிட்டால் டீசல் போட்டிருக்கலாமே? நான் போட்டது டொயோட்டா 4 கே. கேஈ70 கொரோலாவில் வந்த 1290 சிசி பெற்றோல் எஞ்சின். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். நடுநிலை வேண்டுபவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

பழைய எஞ்சின் கெட்ட எஞ்சின் அல்ல. 1098 சிசி ஏ வரிசை, எஸ்யூ கார்பரேட்டர். ஒரு ஸ்பானர் தெரிந்த எவரும் கை வைக்கலாம். இலக்கம் பொறித்த பிளொக் மாறாததால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவேண்டியதில்லை, மோட்டார் வாகனத் திணைக்களப் படியேற வேண்டியதும் இல்லை. ஆனால் அது ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. இலங்கையில் 2002 இலேயே ஈயம் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றுகிறபோது கடினமான வால்வு சீட் போடாவிட்டால், கண்டியேற்றம் பல பார்த்தபின் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குடன் ஓடினால் எண்ணெய் எரிந்து, புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு மேலே நிற்கும். சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் இதுதான் வழி. 1958 இல் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசி எதிர்த்த அதே சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டுக்கு இன்று தனி மதிப்பு. காலம் செய்கிற கூத்து.

டீசலுக்குச் சார்பாகச் சொல்லப்படுவது எரிபொருள் செலவு மட்டுமே. டொயோட்டா 2 சி டீசல் எஞ்சின் போட்ட மைனர் ஒன்றில் நிலாவெளி வரை போய்வந்திருக்கிறேன். இழுவை நன்றாகத்தான் இருந்தது. பேசுவது மட்டும் கேட்கவில்லை. அதை வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை, ஆகவே ஆயுள் பற்றி வாய் திறக்கமாட்டேன். புகைப் பரிசோதனை பற்றிச் சொல்லலாம். டீசல் என்றால் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியில் அடிவரை மிதித்து, வெளிவரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய 2 சியை அப்படி மிதிக்கவிட எனக்கு மனம் வராது.

இவை எல்லாம் இரண்டாம் பட்சம். தீர்மானிப்பது புத்தகம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை எல்லாம் இருக்கின்றன. பெற்றோலுக்குப் பெற்றோல் என்றால் இலக்கமும் சிசியும் மட்டும் மாறும். டீசல் என்றால் எரிபொருள் வகையும் மாறவேண்டும். அதை மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். 2022 இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிட்டபோது எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் புத்தகத்தில் பெற்றோல், டாங்கியில் டீசல். தனக்குத் தேவையில்லாத பெற்றோலுக்கு உரிமையாளராக அவர் நிரப்பு நிலையத்தில் நின்ற கோலம் மறக்கக்கூடியதல்ல. விபத்து நடந்து காப்புறுதிக்காரர் எஞ்சின் இலக்கம் பார்த்தால் இன்னும் மோசம்.

எங்கள் கராஜ் பாஸ் சொன்னது இதைத்தான்: "தம்பி, முதலில் பேப்பரைத் தேடும். எஞ்சின் எங்கேயும் கிடைக்கும்." கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 4 கே விலை பேசும்போது, சுங்கப் பத்திரத்தின் பிரதியும் அதே இலக்கம் எழுதிய விலைச்சீட்டும் தருவீர்களா என்று கேளுங்கள். தலையைச் சொறிந்தால் அடுத்த கடைக்கு நடங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பேப்பர் இல்லாத எஞ்சினை வாங்கினால், அது எந்தக் காரிலிருந்து, எப்படி வந்தது என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டிவரும்.

எஞ்சினைக் காரில் இறக்குவதற்கு முன்பே, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பிளொக்கைத் துடைத்து, இலக்கம் பொறித்த இடத்தில் சோக்குக் கட்டியைத் தேயுங்கள். குழிகளில் வெள்ளை தங்கி இலக்கம் எழும்பிவரும். ஓர் எண் சாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட மினுக்கம் தெரிந்தாலோ வேண்டாம். சரியாக இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு குனிந்து பார்க்க இடம் போதாது. பரிசோதகர் வந்து பார்ப்பதும் அந்த ஒரு விரலகல இடத்தைத்தான்.

புகைப் பரிசோதனையில் 4 கே தொல்லை தரவில்லை. 2008 இலிருந்து வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க இந்தச் சான்றிதழ் வேண்டும். பெற்றோல் வண்டியை ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் வைத்துக் காபனோரொட்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். கார்பரேட்டர் கலவை திருகைச் சற்றே இறுக்கி, காற்று வடிகட்டியைப் புதிதாகப் போட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கொண்டுபோனால் போதும். உப்புவெளியிலிருந்து நகருக்கு வருகிற தூரமே சூட்டுக்குக் காணும். நமது கடற்காற்றுக்குச் சைலன்சர்தான் முதலில் ஓட்டையாகும். அதை முன்கூட்டியே ஒட்டுங்கள், ஓட்டைச் சைலன்சரோடு சரியான அளவீடு வராது.

குறை இல்லாமல் இல்லை. கியர்பொக்ஸுக்கு இடம் பண்ணத் தரையை வெட்டவேண்டும். மைனருக்குத் தனிச் செசி இல்லாததால் வெட்டிய இடத்தைக் கண்டவர் கையில் வெல்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். பழைய டிரம் பிரேக் புது வேகத்துக்குப் போதாது, ஆகவே முன் சில்லுக்கு டிஸ்க் செலவையும் கணக்கில் சேருங்கள். மறுவிற்பனையில் 4 கே எவ்வளவு குறைக்கும் என்று ஒரு தொகை சொல்லமாட்டேன், நான் விற்கவில்லை. விலைக்குக் கேட்டுவந்த இருவரும் பொனட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன் புத்தகத்தைத்தான் கேட்டார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திறந்த இடைவெளியில் விலை ஏறிய கார்களிலும், எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்தாதவற்றுக்குப் பேரம் நூறு தடவை நடந்தது.

கார்பரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கிற இன்ஜெக்ஷன் எஞ்சின் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வயரிங் கட்டோடு முழுவதும் கிடைத்து, அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த மின்காரர் பக்கத்தில் இருந்தால் யோசியுங்கள். திருகோணமலையில் எனக்கு அப்படி ஒருவர் அகப்படவில்லை.