வியாழக்கிழமைத் தாத்தா பாட்டிகளா, கடைசி அத்தியாயம் காணாமல்போன கதையா?

இரண்டுமே இங்கிலாந்துக் கொலைக் கதைகள்தான். ருசி வேறு.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பில் நடக்கிறது. முன்னாள் உளவாளி எலிசபெத், நர்ஸாக இருந்த ஜாய்ஸ், மனநல மருத்துவர் இப்ராஹிம், தொழிற்சங்கக்காரர் ரான். நால்வரும் வாராவாரம் கூடிப் பழைய வழக்குகளைக் கிளறுகிறார்கள். நடுநடுவே ஜாய்ஸின் டைரி. கொலையில் ஆரம்பித்து எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்புவார், அதற்காகவே படிக்கலாம். புதிர் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி.

ஆன்டனி ஹோரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' (2016) நேர் எதிர். பதிப்பாசிரியர் சூசன் கையில் ஒரு துப்பறியும் நாவலின் பிரதி. 1955-ல் ஒரு கிராமத்தில் நடக்கும் கதை. நாமும் கூடவே படிக்கிறோம். முடிச்சு அவிழும் நேரம் பார்த்துப் பக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன! அந்தப் பிரதியை எழுதியவரும் இறந்துவிட்டார். பைண்டிங்கில் ஏதோ கோளாறு என்று நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் இரண்டாவது புதிரே தொடங்குகிறது.

ரயிலில் விட்டு விட்டுப் படிக்க ஆஸ்மன் போதும். சூசன் கதைக்கோ முழுதாக இரண்டு நாள் வேண்டும். நடுவில் மூடி வைத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகும். சரி, என் ஓட்டு சூசனுக்குத்தான்.