ஈரத்தில் 21 கிலோமீட்டர்: முதல் ஹாஃப் மாரத்தானுக்காக வாங்கியவையும் பழகியவையும்

சென்னையில் ஜனவரி மாதம் ஓட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தால் வடகிழக்குப் பருவமழையில்தான் பயிற்சி எடுத்தாக வேண்டும். நான் எடுத்துக்கொண்ட 12 வார அட்டவணையில் இதற்கெல்லாம் இடமே இல்லை. குளிர்நாட்டுக்காரர் யாரோ தன் ஊர்ப் பூங்காவை மனதில் வைத்துப் போட்டது அது. நமக்கோ நடுவில் ஐப்பசி அடைமழை, தீபாவளி பலகாரம், ஒரு புயல், அப்புறம் மார்கழி. மந்தைவெளியில் வீடு, வங்கியில் வேலை, வயது நாற்பதுக்கு மேல், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். இந்தச் சூழலில் எது ஈரத்துக்குத் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அட்டவணை. செவ்வாயும் வியாழனும் சின்ன ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் நடை, கொஞ்சம் தசைப் பயிற்சி, ஓய்வு. நீண்ட ஓட்டம் வாரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில் ஏறி 16-இல் நின்றுவிடும். போட்டியோ 21.0975 கிலோமீட்டர். "மிச்ச அஞ்சு கிலோமீட்டர யார் ஓடுவாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாக ஓடுபவர்களைப் போட்டிக்கு முன்பே முழுத் தூரமும் ஓடவைத்தால் களைப்பும் காயமும்தான் மிஞ்சும் என்பது இந்த மாதிரித் திட்டங்களின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது.

அட்டவணையில் உருப்படாத பகுதி என்றால் வேகம். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று போட்டிருப்பதை அக்டோபர் மாதச் சென்னையில் பிடிக்க நினைத்தால் நாக்குத் தள்ளிவிடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாக அடிக்கும். அதனால் வேகத்தை விட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவில் ஓடினேன். கூடப் பேச ஆள் இல்லை, ஆகவே பதினாறாம் வாய்ப்பாடு. பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டில் திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டியது அதன் தாராளத்துக்காக. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னையில் தெருவெல்லாம் தண்ணீர். மறுநாள் ஞாயிறு, நீண்ட ஓட்டம் போயே போச்சு. அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், ஒன்றும் குடிமுழுகவில்லை. மழை நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். ஏறுவது நல்ல பயிற்சி. இறங்கும்போது மட்டும் முட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷூ விஷயத்தில்தான் நிறையக் கற்றேன். வழக்கமாகப் போடும் அளவைவிட ஒன்று பெரிதாக வாங்கச் சொல்வார்கள், கேளுங்கள். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும், இடமில்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுக்கும். கடையில் காலையில் போடாமல் சாயங்காலம் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. என்னுடையது நடுத்தர விலை, மெத்தென்ற அடிப்பாகம், மேலே வலைத்துணி. வெயில் நாளில் காற்றோட்டம் கொடுக்கும் அதே வலை, மழையில் ஒரே குட்டையில் உள்ளங்கால் வரை நனைத்துவிடும். நனைந்த ஷூவைக் காயவைப்பது தனிக் கலை. உள்மெத்தையை உருவி எடுத்துவிட்டு, நாளிதழைக் கசக்கி விரல் நுனி வரை திணித்து, மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேப்பர் கனத்து ஊறிப்போயிருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி புதுசு. (எங்கள் வீட்டில் ராசிபலன் பக்கத்தைத் தொட அனுமதி இல்லை.) சுள்ளென்ற வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். என்ன செய்தாலும் மழைக்காலத்தில் முழுசாகக் காய இரண்டு நாள் ஆகிறது. அதனால் விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிடச் சுமாரான விலையில் இரண்டு ஜோடி மேல் என்பது என் தீர்ப்பு.

ஜி.பி.எஸ். கைக்கடிகாரத்துக்குப் பாதி மதிப்பெண்தான். தூரம் காட்டுவதில் குறையில்லை. நாடித்துடிப்பை நம்ப முடியவில்லை. பச்சை விளக்கைத் தோலில் அடித்து ரத்த ஓட்டத்தைப் படிக்கும் கருவி அது. வார் தளர்ந்து மணிக்கட்டு வியர்த்தால், துடிப்பை விட்டுவிட்டு நம் காலடி அசைவைப் பிடித்துக்கொள்ளும். நான் நிதானமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போக, கடிகாரம் 172 என்று பதறும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டியதும் ஓரளவு சரியானது. இன்னொரு தொல்லை தொடுதிரை. மழைத்துளி பட்டு அதுவாகவே ஓட்டத்தை நிறுத்திவிடும். நம் ஊருக்குப் பொத்தான் வைத்த மாடல்தான் லாயக்கு. போதாக்குறைக்கு, புழுக்கமான வாரங்களில் உன் உடற்திறன் குறைகிறது என்று உபதேசம் வேறு. அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன்.

உடையில் பருத்தியை மறந்துவிடுங்கள். வியர்வையைக் குடித்துக் கனத்து, போகிற இடமெல்லாம் உராயும். பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்தபடி காசு செலவழிக்க வேண்டியது ஸ்போர்ட்ஸ் பிராவில். பட்டை அழுந்தும் இடத்தில் தோல் உரிந்தபின் குளிக்கப் போனால் தெரியும் சேதி. தேங்காயெண்ணெய் அரை மணியில் வழிந்துபோகிறது, வாஸ்லின் கடைசிவரை நிற்கிறது.

சாப்பாடு. கிளம்பும் முன் அரை டம்ளர் ஃபில்டர் காபி, ஒரு பூவன் பழம். இரவே டிகாஷன் இறக்கி வைத்துவிட்டால் யாரையும் எழுப்ப வேண்டாம். வழியில் எடுத்துக்கொள்ளும் ஜெல் பொட்டலங்களையும் வாங்கிப் பார்த்தேன். சர்க்கரைக் கூழ், புழுக்கத்தில் தொண்டையில் இறங்க மறுக்கிறது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எனக்கு அதே வேலையைச் செய்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய் ஓடி முடித்தபின் சொர்க்கம். ஓடும்போது வேண்டாம், பல்லில் ஒட்டும், கடலையின் கொழுப்பு செரிக்கவும் நேரமாகும். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கொட்டாமல் அளவு பார்த்துக் கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூச்சு வாங்குவது குறையவே இல்லை என்று ஒரு கட்டத்தில் ரத்தப் பரிசோதனை செய்ததில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரையோடு ஒரு கட்டளையும் போட்டார்: சாப்பிட்ட கையோடு காபி, டீ கூடாது, இரும்பு உடம்பில் சேராது. ஓடுவதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

பாதை: மந்தைவெளியிலிருந்து சாந்தோம், லூப் ரோடு, கலங்கரை விளக்கம், அங்கிருந்து காமராஜர் சாலையில் நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்புவது. லூப் ரோட்டில் விடிவதற்குள் மீன் வாடை வந்துவிடும், கடல் காற்றும் வரும், இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திச் சாதாரணமாக நடப்பதே போதும். பெரும்பாலும் அவற்றுக்குச் சுவாரசியம் போய்விடும்.

மார்கழியில் மட்டும் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றினேன். இருட்டில் தனியாக ஓடும் பெண்ணுக்கு அந்த மாதம் ஒரு வரம், ஐந்து மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம். வாசலெல்லாம் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருப்பதால் வழுக்கும், அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். புள்ளி வைத்துக்கொண்டிருந்த ஒரு மாமி தலை நிமிராமலே, "மெதுவா போம்மா, கோலத்த மிதிச்சுடாத" என்பார். தினமும் அதே வாக்கியம். என் மாமியார் முதலில் "இருட்டுல எதுக்கும்மா இந்த ஓட்டம்?" என்றவர், மார்கழியில் வழித்துணை போல எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

போட்டி நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 16 வரை பழகிய தூரம், அதற்கப்புறம் கெண்டைக்கால் இறுகி நடையும் ஓட்டமுமாகப் போனேன். கெடு நேரத்துக்குள் முடித்தேன், மெடல் பூஜையறையில் தொங்குகிறது, என் ஏற்பாடு அல்ல.

இப்போது ஞாயிறுகளில் எட்டு கிலோமீட்டரோடு சரி. பங்குனிக்கு மேல் சூரியன் எழுந்த அரை மணியில் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும், அதனால் தூரத்தைக் கூட்டுவதாக இல்லை. ஷூக்களில் மூத்த ஜோடி குதிகாலின் வெளி ஓரத்தில் தேய்ந்திருக்கிறது. 500-லிருந்து 800 கிலோமீட்டர் என்பார்கள் ஆயுள், இது 500-லேயே போய்விடும் போலிருக்கிறது. அடுத்த ஜனவரிக்கு அட்டவணையை ஆகஸ்டிலேயே தொடங்கப்போகிறேன். மழை பிடிப்பதற்குள் ஞாயிறு ஓட்டம் 10 கிலோமீட்டரைத் தொட்டிருந்தால், நடுவில் இரண்டு ஞாயிறு தண்ணீரில் போனாலும் கவலையில்லை.