காப்பகத்துப் பெண்களுக்கு நாலு மாதப் பயிற்சி: கூப்பிடலாமா?

வடசென்னையில் வீடற்ற பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் 14 மாதம் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் துப்புரவு வேலை எனக்கு. அந்தச் சமயத்தில் சட்டம் படித்த ஒரு பெண்ணும், முன்பு நடைபாதையில் வாழ்ந்த ஒரு அக்காவும் வாரம் ஒருநாள் வந்து, சேர்ந்து நின்று எப்படிக் கேட்பது என்று நாலு மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. வேறு காப்பகத்தில் இருக்கும் இரண்டு பேர் இவர்களைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பயிற்சி கொடுக்க வந்த இருவரும் பேசவே இல்லை. "இங்க எது மாறினா நாளைக்கே நிம்மதியா தூங்குவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு ஆயா, "கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்மா" என்றார். அவ்வளவுதான், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேச ஆரம்பித்தோம். எட்டாவது வரை படித்த பெண்ணின் கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கடைசிவரை அந்த நோட்டு எங்களிடம்தான் இருந்தது.

என் குறை வேறு. காலை 8 மணிக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், சாயங்காலம் 6 மணிக்குத்தான் கதவு திறக்கும். நான் வேலை முடித்து வருவதே 7 மணிக்கு. ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, மீதித் தூக்கத்தை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் தூங்குவேன், செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு. வீடற்றோர் காப்பகங்கள் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருப்பது இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் புரிகிற தமிழில் ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இடத்தை அளந்த நாளை மறக்க முடியாது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று இருந்தது. தையல் தெரிந்த அக்காவின் இஞ்ச் டேப் 5 அடி. நீளத்துக்கு எட்டு தடவை, அகலத்துக்கு ஐந்து தடவை வந்தது. 40க்கு 25, மொத்தம் 1,000 சதுர அடி. 20 பேருக்கான இடம். அன்றைக்கு அங்கே படுத்திருந்தது 34 பேர். இத்தனை நாளும் பக்கத்துப் பாயில் இருக்கிறவர் கால் பட்டதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம். அன்று ராத்திரி யாரும் சண்டை போடவில்லை.

இந்தக் குறைகளுக்கான மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினோம், மறுத்துவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. நாலு தடவை அடித்துத் திருத்தி நாங்களே எழுதினோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆறு பேர் கலெக்டர் ஆபீஸ் போனோம். பயிற்சி கொடுத்தவர்கள் வெளி கேட்டிலேயே நின்றுகொண்டார்கள். "யார் எழுதிக் கொடுத்தது?" என்று மனு வாங்கியவர் கேட்டதும், "நாங்கதான் சார்" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். ரசீது வாங்காமல் நகரக் கூடாது என்று பத்து தடவையாவது சொல்லி அனுப்பியிருந்தார்கள், வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

இரண்டு வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தூங்கலாம் என்று ஆக ஏழு வாரம் பிடித்தது. நாங்கள் கேட்ட லாக்கர் கிடைக்கவில்லை. நெரிசலும் அப்படியேதான் இருக்கிறது.

ஓட்டு விஷயமும் இவர்களால்தான் தெரிந்தது. வீடில்லாதவர்கள் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்தால் முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அந்த இடத்தில்தான் தூங்குகிறோமா என்று பார்ப்பார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரால் வர முடியவில்லை. இரண்டாவது, மனு கொடுத்த மறுநாள், முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் "வேற இடம் பாத்துக்கோ" என்று காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 19 பேர் போய் வார்டன் அறை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் அவளை இருக்க விட்டார்கள். முதல் வாரமே பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது எங்கள் தப்பும்தான். தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, தன் தலைக்கு மேலே இருக்கும் ஃபேன் ஓடவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். நாங்கள் நோட்டில் எழுதவில்லை, பயிற்சி கொடுத்தவர்களும் எழுதச் சொல்லவில்லை. மே மாதம் ஒருநாள் மின்விளக்கு மாற்ற வந்தவர்தான் அந்த ஃபேன் எரிந்துபோய் எத்தனையோ நாள் ஆகிறது என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

5க்கு 4 கொடுப்பேன். தாராளமாகக் கூப்பிடுங்கள், ஆனால் ராத்திரி 8 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். யார் பேசினாலும் நோட்டில் ஏற்றுங்கள்.

இப்போது பெரம்பூர் பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு காப்பகத்துக்குப் போய் வருகிறேன். லாக்கருக்கு இரண்டாவது மனு போன மாதம் கொடுத்திருக்கிறார்கள். ரசீதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.