லிமா தட்டை மோட்டார்: பழசையே தேற்றுவதா, சிடி டிரைவ் மோட்டாருக்கு மாறுவதா?

மாதிரி ரயில்கள் செய்துவந்த இத்தாலியின் லிமா நிறுவனம் 2004-இல் மூடப்பட்டது. அது தயாரித்த ஓஓ அளவு (பிரிட்டிஷ் மாதிரி ரயில்களின் வழக்கமான அளவு) பிரிட்டிஷ் டீசல் லோகோக்கள், அதாவது ரயில் எஞ்சின்கள், இன்றும் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. மேல்கூடு அருமையாக இருக்கும். தகராறெல்லாம் உள்ளே இருக்கும் 3 துருவத் தட்டை மோட்டாரில்தான் (சுழலும் பகுதியில் மூன்றே கம்பிச் சுருள்கள் உள்ள, தட்டையான மோட்டார்): மெதுவாக ஓட்டினால் திக்கித் திக்கி நகரும், இரைச்சலும் அதிகம். அதே மோட்டாரைச் சுத்தம் செய்து தேற்றுவது ஒரு வழி. சிடி, டிவிடி டிரைவில் வட்டு வைக்கும் தட்டினை வெளியே தள்ளும் சின்ன மோட்டாரைப் பொருத்துவது இன்னொரு வழி.

எந்த வழியில் போனாலும் முதலில் சக்கரங்களைப் பாருங்கள். ஒரு தண்டவாளத்து மின்சாரத்தை மோட்டார் போகியின் (லோகோவின் அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி) இரண்டு மூன்று சக்கரங்களும், மறு தண்டவாளத்து மின்சாரத்தை எதிர்முனைப் போகியின் சில சக்கரங்களும்தான் எடுக்கின்றன. ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. மோட்டார் முனைகளில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சீராகச் சுற்றினால் பழுது மோட்டாரில் இல்லை. 0.33 மில்லிமீட்டர் பாஸ்பர் வெண்கலக் கம்பியைச் சக்கரத்தின் பின்முகத்தில் லேசாக உரசும்படி வளைத்துக் கூடுதல் சக்கரங்களுக்கு இணைப்பு கொடுத்தாலே பாதி லோகோக்கள் குணமாகிவிடும்.

தேற்றும் வழியில் செலவு அநேகமாக ஒரு ஜோடி கார்பன் பிரஷ்தான். ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதி) வெளியே எடுத்து, அதில் பிரஷ்கள் உரசும் இடமான கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். அங்கே அடைந்திருக்கும் கரிப்பொடி துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, மின்சாரத்தை வீணாக இழுக்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அடுத்து மல்டிமீட்டர்: மூன்று துண்டுகளுக்கும் இடையே மின்தடையை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் கம்பிச் சுருள் போய்விட்டது, அதைத் தேற்ற முயல்வதே வீண். துண்டுக்கும் அச்சுக்கும் இடையே இணைப்பு அறவே இருக்கக் கூடாது. அச்சு சுழலும் தாங்கிக்கு (பேரிங்) எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். கூடினால் அது கம்யூட்டேட்டருக்குக் கசிந்து கரிப்பொடியோடு குழைந்து, ஒரே வாரத்தில் பழைய கதைக்குக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் 3 துருவத் தட்டை மோட்டார் ஊர்ந்து போகாது. அது வடிவமைப்பின் எல்லை. ஆனால் இழுவை நன்றாக இருக்கும், கனமான காந்தம் சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்தியும் வைக்கும்.

சிடி மோட்டார் அமைதியானது, குறைந்த மின்சாரத்தில் ஓடும். நடைமுறைச் சிக்கல் பல்சக்கரத்தில் இருக்கிறது. லிமா மோட்டார் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனைச் சுத்தியால் தட்டாமல், சின்ன இழுப்பானால் கழற்றிப் புது அச்சில் ஏற்றுங்கள். அதற்கு முன் இரண்டு அச்சுகளின் விட்டத்தையும் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) எடுத்த பிடிமானத்தில் மோட்டாரை ஒட்டும்போது, பற்களுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி, பசை காய்ந்ததும் உருவிவிடுங்கள். இடைவெளி சரியாக அமையும். இறுக்கமாக வைத்தால் முனகும், தளர்ந்தால் பல் தேயும். போகி இலேசாகிவிடுவதால் அதன் மேலே 20, 30 கிராம் ஈயம் ஒட்டாவிட்டால் சக்கரம் வழுக்கும்.

இந்த மோட்டார்களில் பல 6 வோல்ட் அளவுக்கானவை. சாதாரண 12 வோல்ட் டிசி (நேர்மின்சார) கன்ட்ரோலரில் ஓட்டுவோர் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போடுகிறார்கள். 33 ஓம் போட்டால் 150 மில்லிஆம்பியரில் 5 வோல்ட் குறையும், முக்கால் வாட் வெப்பம் வரும். ஆகவே 2 வாட் ரெசிஸ்டர் வாங்கி, பிளாஸ்டிக் கூட்டைத் தொடாமல் வையுங்கள். இதில் ஒரு பாதகம் உண்டு: ஏற்றத்தில் சுமை கூடக் கூட ரெசிஸ்டரே அதிக வோல்ட்டை விழுங்குவதால் ரயில் தளர்ந்துபோகும். அதனால் டிசியில் நீண்ட ரயிலை ஏற்றத்தில் இழுக்கும் லோகோவுக்குப் பழைய மோட்டாரே மேல்.

டிசிசிக்கு (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) மாறுவதானால் என் ஓட்டு சிடி மோட்டாருக்கே. ரெசிஸ்டர் வேண்டாம், அது டிகோடரின் (லோகோவுக்குள் கட்டளையைப் புரிந்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சுற்றுப் பலகை) வேகக் கட்டுப்பாட்டைக் குழப்பும். டிகோடரின் அமைப்பு எண்களில் (சிவி) ஒன்றான சிவி 5-இல் 128 எழுதினால் உச்ச வேகம் ஏறக்குறைய பாதியாகும். லிமா மோட்டாரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 12 வோல்ட்டில் சக்கரத்தை ஓரிரு விநாடி மட்டும் பிடித்து நிறுத்தி ஆம்பியரை அளங்கள். 1 ஆம்பியரைத் தாண்டினால் சாதாரண டிகோடர் தாங்காது. லிமாவில் ஒரு பிரஷ் மோட்டார் உலோகத்தோடு இணைந்திருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் மாட்டினால் தண்டவாள மின்சாரம் மோட்டார் வெளியீட்டில் பாய்ந்து டிகோடரைக் கருக்கிவிடும்.

டிகோடர் வயர்களில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளங்களுக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. டிகோடரை இணைக்கும் முன் மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், எதிலும் பீப் ஒலி வரக் கூடாது. பிறகு புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடர் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தண்டவாளம்) வைத்து, தயாரிப்பாளர் எண் இருக்கும் சிவி 8-ஐப் படியுங்கள். பதில் வராவிட்டால் பிரதான தண்டவாளத்தில் வைக்காமல் வயர்களை மறுபடி சரிபாருங்கள்.