கணிதமும் இயற்பியலும் சேர்த்துப் படிக்க: சிறுசேரியா, பெங்களூரா, உள்ளூர்க் கல்லூரியா?

அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "சித்தப்பா, எனக்குக் கணக்கும் பிடிக்கும், பிசிக்ஸும் பிடிக்கும். ரெண்டுல எதை விடுறது?" என்று கேட்டாள். எதையும் விடாதே என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கே சேர்ந்தாலும் ஏதாவது ஒன்று குறையத்தான் செய்யும். என்ன குறையும் என்று தெரிந்துகொண்டு சேர்ந்தால் அதைச் சரிக்கட்ட வழி தேடலாம். நான் பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் எனக்கு வெறும் அலைடு, அதாவது துணைப்பாடம். அதில் நான் இழந்ததை முதலில் சொல்கிறேன்.

குவாண்டம் மெக்கானிக்ஸில் பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்று ஒரு கணக்கு வரும். துகளின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பு இரண்டு சுவர்களிலும் பூஜ்யம். உந்த ஆபரேட்டர் (அலைச்சார்பின் மேல் வேலை செய்யும், உந்தத்துக்கான கணித விதி) ஹெர்மீஷியன்தானா, அதாவது இரண்டு சார்புகளைப் பெருக்கித் தொகையிடும்போது எதன் மேல் வேலை செய்தாலும் ஒரே விடைதானா என்று பார்க்கப் பகுதித் தொகையிடல் செய்வோம். சுவரில் எல்லாம் பூஜ்யம் என்பதால் ஓரத்து உறுப்புகள் விழுந்துவிடும். ஹெர்மீஷியன் என்று எழுதிக் கீழே கோடு போட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். எனக்கு அன்று ஒன்று இடித்தது. உந்தத்தின் ஐகன் சார்பு (ஆபரேட்டர் வேலை செய்த பிறகும் ஓர் எண்ணால் பெருக்கியதுபோல் மட்டுமே மாறுகிற சார்பு; அந்த எண் ஐகன் மதிப்பு) என்று அதற்கு முந்தைய வாரம் படித்த அலைக்கு எந்த இடத்திலும் ஒரே அளவுதான். அது சுவரில் பூஜ்யம் ஆகவே ஆகாது. அப்படியென்றால் இந்தப் பெட்டிக்குள் உந்தத்துக்கு ஐகன் சார்பே கிடையாதே? எழுந்து கேட்டேன். பரீட்சைக்கு அது வராது, உட்கார் என்றார்கள்.

விடை பக்கத்துக் கட்டடத்தில், கணிதத் துறையில் இருந்தது. ஓர் ஆபரேட்டர் எந்தெந்தச் சார்புகளின் மேல் வேலை செய்கிறது என்பதும் அதன் வரையறையில் ஒரு பகுதி. பெட்டிக்குள் இருக்கும் அந்த உந்த ஆபரேட்டர் சுவரில் பூஜ்யமாகும் சார்புகளை மட்டுமே ஏற்கும். பகுதித் தொகையிடலில் மறுபக்கச் சார்பின் மேல் வேலை செய்யும் அதன் இணை ஆபரேட்டருக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதால் அது சமச்சீரானது (நாங்கள் ஹெர்மீஷியன் என்று எழுதியது இதைத்தான்), ஆனால் செல்ஃப் அட்ஜாயின்ட், அதாவது தன் இணையே தானாக இருப்பது, இல்லை. ஓர் ஆபரேட்டரை அதன் ஸ்பெக்ட்ரத்தை (ஐகன் மதிப்புகளின் பொதுவடிவம்) கொண்டு பிரித்து எழுதலாம் என்று ஸ்பெக்ட்ரல் தேற்றம் உத்தரவாதம் தருவது செல்ஃப் அட்ஜாயின்ட் ஆபரேட்டர்களுக்குத்தான். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஃபான் நாய்மன், மார்ஷல் ஸ்டோன் என்ற கணிதர்கள் இதைத் தெளிவாக எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரிய, பட்டம் வாங்கிப் பல வருஷம் ஆனது.

இழப்பு எங்கள் பக்கம் மட்டும் இல்லை. ஸ்பெக்ட்ரல் தேற்றத்தை வரி பிசகாமல் நிறுவத் தெரிந்த கணித மாணவர், ஹைட்ரஜன் விளக்கை ஸ்பெக்ட்ரோமீட்டர் வழியாக ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். இருட்டறையில் தொலைநோக்கிக் குழலை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், சட்டென்று 656 நானோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் 486-இல் நீலப்பச்சை. ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் தன் கணிதத்தில் ஸ்பெக்ட்ரம் என்று பெயர் வைத்தபோது குவாண்டம் மெக்கானிக்ஸ் பிறக்கவே இல்லை. பின்னால் பார்த்தால் விளக்கில் தெரிந்த ஒவ்வொரு கோடும் ஆற்றல் ஆபரேட்டரின் ஸ்பெக்ட்ரத்தில் இரண்டு மதிப்புகளின் வித்தியாசத்திலிருந்து வருவதுதான்! இந்த இரண்டையும் ஒரே மாணவர் ஒரே வருஷத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எந்த இடம் இதற்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பார்ப்போம்.

சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட், அதாவது சி.எம்.ஐ., கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் நடத்துகிறது. மூன்று ஆண்டுப் படிப்பு. நுழைவுத் தேர்வில் கணிதம் மட்டும்தான், அதுவும் நிரூபணம் எழுதச் சொல்லும் கேள்விகளோடு வரும். கோச்சிங்கில் ஷார்ட்கட் பழகிய கைக்கு முதலில் திணறும். 1989-இல் இதைத் தொடங்கியவர் கணிதர் சி.எஸ்.சேஷாத்ரி. லயோலா கல்லூரியில் படித்த சேஷாத்ரியும் எம்.எஸ்.நரசிம்மனும் 1965-இல் நிறுவிய தேற்றம் சுத்தமான இயற்கணித வடிவியல். 1980-களில் அதையே யாங்–மில்ஸ் சமன்பாடுகளின் வழியாக அதியா, பாட் என்ற கணிதர்கள் அணுகினார்கள். இன்னொரு கணிதர் டொனால்ட்சன் அந்த வழியில் புது நிரூபணமே தந்தார். துகள் இயற்பியலுக்காக எழுதிய சமன்பாடுகள் அவை. இப்படிப்பட்ட ஒருவர் கட்டிய இடத்தில் இரண்டு பாடத்துக்கும் நடுவே சுவர் இருக்காது என்று நம்பலாம். 2016-இல் அறிவித்த ஈர்ப்பு அலைக் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த இந்திய நிறுவனங்களில் சி.எம்.ஐ.யும் ஒன்று.

குறை எங்கே என்றால், சோதனைக்கூடத்தில். இது தியரிக்காரர்களின் வீடு. லேசர், கிரையோஜெனிக்ஸ் (மிகக் குளிர்நிலைச் சோதனைகள்) என்று கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைக்குப் போதாது. ஊரும் உலகமும் சின்னது. கெமிஸ்ட்ரி பிடித்துப்போய் மாற நினைத்தால் அங்கே வழியில்லை. இருபத்தொரு வயதில் வேலை வேண்டும் என்கிற வீட்டுக்கு, அங்கேயே இருக்கும் கணிதம்–கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புதான் சரி. இயற்பியலோடு சேர்ந்ததை எடுத்தவர்கள் எம்.எஸ்சி.க்கும் ஆராய்ச்சிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

பெங்களூர் ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்) கணித இளநிலைப் படிப்பான பி.மேத் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கணிதம் அருமை. இயற்பியல் உண்டு, தயிர்சாதத்துக்கு ஊறுகாய் அளவுக்கு.

பெங்களூரிலேயே இருக்கும் ஐ.ஐ.எஸ்சி. (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்) வேறு ரகம். 2011-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு. ஆரம்ப செமஸ்டர்களில் எல்லா அறிவியலையும் தொட்டுவிட்டு, அப்புறம்தான் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். சோதனைக்கூடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசி ஆண்டில் ஆராய்ச்சி. ஐசர்களில் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ்.; நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்குக்கும் சம எண்ணிக்கையில் கேள்விகள். பயாலஜியை விட்டுவிட்ட எங்கள் பெண்ணுக்கு அது ஒரு கவலைதான். இரண்டு இடத்திலும் சி.எம்.ஐ. அளவுக்குச் சீக்கிரமாக ஆழமான கணிதம் வராது. பதிலுக்கு முடிவைத் தள்ளிப்போட இடம் கிடைக்கிறது. அதன் மதிப்பு சின்னதல்ல. பின்னாளில் பெரிய கணிதரான ஹரீஷ்-சந்திரா ஐ.ஐ.எஸ்சி.யில் ஹோமி பாபாவோடு இயற்பியல் செய்தவர், கேம்பிரிட்ஜில் இயற்பியலர் பால் டிராக்கிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். தன் நிரூபணங்கள் திடமாக இல்லை என்று டிராக்கிடம் குறைப்பட்டபோது, தனக்கு நிரூபணத்தில் அக்கறை இல்லை, இயற்கை என்ன செய்கிறது என்பதே போதும் என்றாராம் டிராக். தனக்கான இடம் கணிதம்தான் என்று ஹரீஷ்-சந்திராவுக்கு அப்போதுதான் உறுதியானது. அவருக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இவை எதிலும் இடம் கிடைக்காவிட்டால்? பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நடக்கும். மிச்சம் இருப்பது உள்ளூர்க் கல்லூரி: கணிதம் எடுத்து இயற்பியலை அலைடாகப் படிக்கலாம், அல்லது தலைகீழாக. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலர் எஸ்.சந்திரசேகருக்குக் கணிதத்தில்தான் ஆசை. அப்பாவின் விருப்பத்துக்காகச் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்து, வகுப்புக்கு மட்டும் கணிதத் துறைக்குப் போய் உட்கார்ந்தார். 1930-இல் பட்டம் வாங்கினார். இன்றும் அது முடியும், துறைத்தலைவர் இடம் கொடுத்தால்.

தியரி இயற்பியலை வீட்டிலிருந்தே படிக்கலாம், சென்னை ஐ.ஐ.டி.யின் வி.பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. வீடியோவில் கிடைக்காதவை இரண்டு: ஸ்பெக்ட்ரோமீட்டர், அப்புறம் நாம் எழுதிய நிரூபணத்தில் ஓட்டை எங்கே என்று சிவப்பு மையில் சுழித்துக் காட்டும் ஆசிரியர். அதனால் அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்: சிறுசேரிக்கு முதலில் எழுது, பெங்களூருக்கும் போடு, இரண்டும் கிடைத்தால் சிறுசேரி. உள்ளூர்தான் என்றால், கணிதத் துறைக்குப் போய், நான் எழுதிக் கொண்டுவருகிற நிரூபணத்தை வாரம் ஒரு முறை யாராவது திருத்தித் தருவீர்களா என்று கேள். சரி என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சேர்ந்துவிடு. யாரும் சொல்லாவிட்டால் இயற்பியலில் சேர். ஆனால் அதற்கு முன் அங்கே சோடியம் விளக்கு எரிகிறதா என்று லேபுக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா.