ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: சேலத்தில் ஐஷேடோ வாங்குகிறவர்கள் கவனிக்க

சின்னக்கடை வீதிப் பக்கம் மேக்கப் சாமான் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை.

ஆபீஸுக்கு தினமும் போட, மினுமினுப்பு இல்லாத மேட் க்ரீம் ஐஷேடோ தேடினேன். காலை அவசரத்தில் பிரஷ்ஷோடு உட்கார யாருக்கு நேரம்? இதை மோதிர விரலில் தொட்டு இமையில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. நம் தோல் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த பழுப்பு இருந்தால் கண் எடுப்பாகத் தெரியும், மேக்கப் போட்ட மாதிரியும் இருக்காது. கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து, "ஒரிஜினல் இம்போர்ட்டுங்க மேடம், வெளிய ரெட்டை வெல" என்றார். டெஸ்டரை என் கையில் தடவிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி இழுபட்டது. கையில் கொடுத்தது சீல் வைத்த வேறு டப்பா.

வீட்டில் திறந்தால், க்ரீம் சுற்றுச்சுவரை விட்டுச் சுருங்கி நடுவில் கீறல் விட்டிருந்தது. அழுத்தித் தேய்த்தால் துணுக்கு துணுக்காக வந்தது. இமையில் திட்டுத் திட்டாக நின்றது, மடிப்பில் கோடு. மாலைக்குள் இமை ஓரம் சிவந்து ஒரே அரிப்பு. நல்லவேளை, கழுவிய பிறகு மறுநாள் அடங்கிவிட்டது.

இந்த வகை க்ரீம்களில் பெரும்பாலும் ஐசோடோடெகேன், சிலிக்கோன் போன்ற ஆவியாகும் திரவங்கள் இருக்கும். தடவியதும் அவை பறந்துவிடுவதால்தான் நிறம் இமையில் பிடித்து நிற்கிறது. மூடி இறுகாமல் கிடந்தாலோ, சேலத்து வெக்கையில் நெடுநாள் கிடந்தாலோ டப்பாவுக்குள்ளேயே பறந்துவிடும். மிச்சம் மெழுகும் நிறப்பொடியும்தான். சந்தேகம் வந்து அடியில் இருந்த எம்ஆர்பி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர். அதில் போட்டிருந்த காலாவதி தேதி எப்போதோ முடிந்திருந்தது. விலையும் அதில் குறைவு!

திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் அசரவில்லை. டப்பாவில் திறந்த மூடி படத்துக்குள் '12எம்' என்று இருந்ததைக் காட்டி, "பன்னெண்டு மாசம் தாங்கும்னு போட்டிருக்கு பாருங்க" என்றார். அது திறந்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு, காலாவதித் தேதியை அது நீட்டாது. அப்புறம் ஒரு யோசனை சொன்னார்: "ரெண்டு சொட்டு தண்ணி விட்டுக் கலக்குங்க, சரியாயிரும்." தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எண்ணெயும் மெழுகுமான பண்டத்தில் தண்ணீர் சேராது, கிருமிதான் வளரும். அதுவும் கண்ணில் போடுகிற பொருளில்.

கடைசியாக பில்லை நீட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தது, வாங்கிய பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'காஸ்மெடிக்ஸ்'. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. இதைச் சொன்னதும், "நீங்க வக்கீலுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வாங்கும்போது டப்பாவை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி காலாவதித் தேதியும் தயாரிப்பாளர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்கும். எனக்குக் கொடுத்ததில் இம்போர்ட் என்பது கடைக்காரர் வாயில் மட்டும்தான் இருந்தது. ஸ்டிக்கர் ஓரம் தடிப்பாக இருந்தால் அங்கேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டரை நம்பிப் பிரயோஜனமில்லை, பணம் கட்டும் முன் உங்கள் டப்பாவையே திறந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டு ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.