உகந்தைக் கடற்கரை: அலைக்கு முழு மதிப்பெண், வசதிக்குப் பூச்சியம்

இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பையில் அலைச்சறுக்கப் போய், ஓர் அலைக்குப் பத்துப் பேர் முண்டியடிப்பது அலுத்துப்போனவர்களுக்கு உகந்தை சரியான இடம். தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பாணமை வரை தார் வீதி, அப்புறம் காட்டுக்குள் கிரவல் பாதை. ஓட்டோவில் ஒரு மணிநேரமாவது பிடிக்கும். தண்ணீர், சாப்பாடு, பெற்றோல் எல்லாவற்றையும் பாணமையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு அறுந்தால் கரையில் வாங்க முடியாது. கூடுதலாக ஒன்றும், பலகையில் கால் வழுக்காமல் பூசும் மெழுகும், பலகையின் அடியிலுள்ள ஃபின் துடுப்பை முடுக்கும் சாவியும் பையில் இருக்கட்டும்.

அலை, சறுக்குபவரின் வலப்பக்கமாக உடைந்துபோவது. மே முதல் செப்டெம்பர் வரை தென்கடலிலிருந்து வரும் அலை, முனையிலுள்ள பாறையைச் சுற்றி வளைந்து, வடக்கு நோக்கி ஒழுங்காக மடிந்துகொண்டே போகும். அலையில் ஏறுமிடம் பாறைக்கு மிக அருகில். சிக்கலே அதில்தான்: பலகையில் தாமதமாக எழும்பினால் அலையின் முதல் துண்டு உடைந்து உங்களை முந்திவிடும், விழுந்தால் பாறைப்பக்கம். எழும்பிய கையோடு பலகையை வலப்புறம் சாய்த்துவிட வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். அதைத் தாண்டினால் மணல் தரை, நீளமான அலைச்சுவர், நிதானமான ஓட்டம். நீரோட்டமும் வடக்கேதான் இழுக்கும். அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் கை சோராமல், கரையேறி நடந்தே முனைக்குத் திரும்புவது புத்தி. புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்த இடம் வேண்டாம்.

காலையில் தரைக்காற்று, அலையின் முகம் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆனால் இருட்டில் கிளம்பவும் முடியாது, பாதை யானைகளுடையது. விடிந்ததும் புறப்பட்டாலே இரண்டு மணிநேர நல்ல அலை கிடைக்கும். யானை மறித்தால் ஹோர்ன் அடிக்காமல் தள்ளி நின்று, அது போகும்வரை பொறுங்கள்.

கரையோரமே முருகன் கோயில், மலைமேல் வள்ளியம்மன், பாறைச் சுனைகள். முருகன் கல்தோணியில் வந்திறங்கிய கரை இது என்பது ஐதீகம். ஆடி விழாவையொட்டி, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அந்த நாட்களில் கூட்டம் நெரியும். நீச்சலுடையோடு கோயில் பக்கம் போகாதீர்கள், மச்சம் மாமிசம் கொண்டுவராதீர்கள்.

குமண தேசியப் பூங்காவின் வாசலும் இங்கேதான். கரைக்குப் போகச் சீட்டு வேண்டாம், பூங்காவுக்கு வேண்டும். கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும் குமண வில்லு என்ற ஆழமற்ற ஏரியைப் பார்க்க ஜூன் நல்லது. ஜீப்பை முன்கூட்டியே பேசி வையுங்கள், ஓட்டோவை உள்ளே விடமாட்டார்கள்.